படை அனுப்பி மக்களாட்சியா? – கோத்தகிரி பட்டிமன்றத்தில் ‘கூடாது’ அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடைசி பஸ் போய்விடுமோ என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும் கோத்தகிரி மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அயல்நாட்டில் மக்களாட்சியை வளர்க்க ஒரு நாடு தன் ராணுவத்தை அனுப்பலாமா என்பது தலைப்பு. ‘அனுப்பலாம்’ என்று எனக்கு முன்னால் பேசிய அண்ணன் வங்கதேசத்தைச் சொன்னார், ஜெர்மனியையும் ஜப்பானையும் சொன்னார், ருவாண்டாவைச் சொல்லிக் கண்கலங்க வைத்தார். போகிறபோக்கில் எனக்கும் ஒரு ஊசி குத்தினார்: “ராணுவ மையம் இருக்கும் வெலிங்டனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ராணுவத்துக்கு எதிராக எப்படிப் பேசுவார் பார்ப்போம்!” கைதட்டலும் நன்றாகவே விழுந்தது.

அண்ணே, ராணுவத்துக்கு எதிராகப் பேச எனக்கு என்ன தலையெழுத்து? இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ வீடுகளுக்கு மெட்ராஸ் ரெஜிமென்ட் பென்ஷன் வருகிறது. அந்த வீரரிடம் எல்லையைக் காக்கச் சொல்லுங்கள், காப்பார். ஒரு சர்வாதிகாரியைப் பிடித்து வரச் சொல்லுங்கள், அதையும் செய்வார். மறுநாள் காலையில் அந்த ஊரை யார் ஆள்வது என்ற கேள்வியையும் அவர் தலையில் கட்டுகிறீர்களே, அதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

வங்கதேசத்துக்கு வருகிறேன். 1971 போரை வென்று கொடுத்த ராணுவத் தளபதி மானெக் ஷா கடைசிவரை குன்னூரில் வாழ்ந்தவர், ஊட்டி மண்ணில் அடக்கமானவர். அவர் பெயரைச் சொன்னால் எனக்கும் நெஞ்சு நிமிரும். ஆனால் போருக்கு ஒரு வருடம் முன்பே, 1970 டிசம்பரில், அந்த மக்கள் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். கிழக்கு பாகிஸ்தானின் 169 இடங்களில் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கட்சி 167-ஐ வென்றது. அந்தத் தீர்ப்பை மிதித்தது பாகிஸ்தான் ராணுவம். ஒரு கோடிப் பேர் அகதிகளாக நம் எல்லைக்குள் வந்தார்கள், பாகிஸ்தான் விமானங்கள் நம் தளங்களைத் தாக்கின, போர் மூண்டது. 1972 மார்ச்சில் நம் படை திரும்பிவிட்டது. நாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது விடுதலை. மக்களாட்சி என்ன ஆனது? 1975-இல் ஒரே கட்சி ஆட்சி வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் முஜிபுர் ரஹ்மான் கொல்லப்பட்டார், அப்புறம் ராணுவ ஆட்சி. 1990-இல் ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத்தை இறக்கியது டாக்கா தெருக்களில் இறங்கிய அவர்கள் பிள்ளைகள். அதற்கு யாரும் டாங்கி அனுப்பவில்லை.

ஜெர்மனி, ஜப்பான் கதையை நீட்ட வேண்டியதில்லை. ஜப்பானில் 1890-லேயே நாடாளுமன்றம் கூடியது, 1925-இல் ஆண்கள் அனைவருக்கும் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. ஜெர்மனியில் ஹிட்லருக்கு முன்பே தேர்தல் இருந்தது. தவிர, இரண்டாம் உலகப் போரை யாரும் மக்களாட்சி கற்றுக்கொடுக்கத் தொடங்கவில்லை.

ருவாண்டாவில் 1994-இல் நடந்தது இனப்படுகொலை. அதைத் தடுக்க உலகம் படை அனுப்பியிருக்க வேண்டும், நானும் சொல்கிறேன். வெட்டுகிற கையைப் பிடிப்பது வேறு, ஆட்சியை அமைத்துக் கொடுப்பது வேறு. இன்றைய தலைப்பு இரண்டாவது.

இனி நம் வீட்டுக் கதை. எதிரணி ருவாண்டா வரை போனார்கள், பக்கத்தில் இருக்கும் இலங்கையைத் தொடவே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்!

1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம். இந்திய அமைதிப்படை போனது. நோக்கம் அமைதி, அதோடு தமிழருக்கு மாகாண சபை, தேர்தல், முதலமைச்சர். காகிதத்தில் குறை சொல்ல முடியாத திட்டம். 1988 நவம்பரில், நம் படையின் பாதுகாப்பில் வடக்கு-கிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தது. வடக்கில் போட்டியே இல்லாமல் உறுப்பினர்கள் ‘தேர்வானார்கள்’. ஓட்டுப் போட ஆளுக்கு வேலையே இல்லாத தேர்தல்! 1990 மார்ச்சில் அமைதிப்படை கப்பலேறியது. அந்த மாதமே முதலமைச்சர் வரதராஜப் பெருமாளும் தீவை விட்டு வெளியேறினார். சபையும் போனது. பக்கத்து ஊர்க்காரர் ஜீப்பில் கொண்டுவந்து உட்காரவைத்த பஞ்சாயத்துத் தலைவர், ஜீப் கிளம்பும்போது கூடவே ஏறித்தான் ஆக வேண்டும். இங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? வடக்கு மக்கள் அடுத்த மாகாண சபைத் தேர்தலைப் பார்த்தது 2013-இல். இதற்காக நம் வீரர்கள் 1,100 பேருக்கு மேல் உயிரைக் கொடுத்தார்கள். காக்கப்பட வேண்டிய பொதுமக்களும் செத்தார்கள். இந்த அரங்கிலும் அந்தப் படையில் போய்வந்தவர் இருக்கலாம். அவர் மேல் குற்றம் இல்லை. அனுப்பிய கணக்குத்தான் தப்பு.

அதே தீவில் இன்னொரு கதையும் உண்டு. அதைக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. 1948-இல் குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தோட்டத் தமிழரின் ஓட்டைப் பறித்தார்கள். 1964-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. அப்படி வந்தவர்களுக்காக எழுந்ததுதான் நம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள். “தாயகம் திரும்பியோர்” என்று கார்டில் எழுதிக் கொடுத்தார்கள், பலர் பிறந்ததே கண்டியிலும் நுவரெலியாவிலும்தான். சரி, அங்கேயே தங்கிவிட்ட சொந்தங்கள் என்ன ஆனார்கள்? தொழிற்சங்கம் கட்டினார்கள். கொழுந்து பறிக்காமல் வேலையை நிறுத்தினார்கள். தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் அமைச்சரவைக்குள் உட்கார்ந்து பேரம் பேசினார். அந்தப் பேரத்தைப் பிடிக்காதவர்களும் உண்டு, எனக்கே சிலது பிடிக்காது. ஆனாலும் 1988-இலும் 2003-இலும் சட்டம் வந்தது, பறிபோன குடியுரிமை திரும்பி வந்தது. ஒரு தோட்டா செலவில்லை. இன்றும் அவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள், அந்த ஓட்டைக் கேட்டு கொழும்பு அவர்களின் தோட்டக் குடியிருப்பான லயத்துக்கு வருகிறது.

மாலத்தீவையும் பாருங்கள். 1988-இல் ஒரு கூலிப்படை ஆட்சியைப் பிடிக்க வந்தது, அதிபர் கயூம் கூப்பிட்டார், நம் பாராசூட் படை இறங்கியது, சில மணி நேரத்தில் கூலிப்படை ஓடியது. அருமையான ராணுவ வேலை. அப்புறம் கயூம் இன்னும் இருபது வருடம் ஆண்டார்! 2018 பிப்ரவரியில் அங்கே நெருக்கடி நிலை வந்தபோது, ராணுவ பலத்தோடு தூதரை அனுப்புங்கள் என்று முன்னாள் அதிபர் நஷீத்தே இந்தியாவைக் கேட்டார். நம் படை போகவில்லை. செப்டம்பரில் அந்த மக்களே வரிசையில் நின்று அதிபர் யாமீனைத் தோற்கடித்தார்கள். நம் படை போயிருந்தால், யாமீன் அந்நியரை எதிர்த்த வீரராகத் தேர்தலில் நின்றிருப்பார்.

நடுவர் ஐயா கை மணிப் பக்கம் போகிறது. இரண்டே நிமிடம் ஐயா.

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா இருபது வருடம் இருந்தது. 2019 அதிபர் தேர்தலில் பதிவு செய்த வாக்காளர் 96 லட்சம், எண்ணப்பட்ட ஓட்டு சுமார் 18 லட்சம். தலிபான் மிரட்டல் ஒரு காரணம்தான். ஆனால் காபூலில் யார் உட்கார வேண்டும் என்பதை வாஷிங்டன்தான் முடிவு செய்கிறது என்று தெரிந்தபின் உயிரைப் பணயம் வைத்து எவர் வரிசையில் நிற்பார்? 2021 ஆகஸ்டில் அந்த அரசு மாலைக்குள் கரைந்தது. லிபியாவில் 2011-இல் நேட்டோ குண்டு போட்டது, மூன்றே வருடத்தில் ஒரு நாட்டுக்கு இரண்டு அரசாங்கம். அந்தத் தாக்குதலுக்கு வழிவிட்ட தீர்மானம் ஐ.நா.வில் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றதை நான் சரி என்றே சொல்வேன்.

“அப்போ கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?” என்று அண்ணன் மறுபடி கேட்பார். வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு எதிராக 1946-லேயே வர்த்தகத்தை நிறுத்தியது இந்தியா, நமக்கே விடுதலை வராத காலம் அது. நமீபியா 2014-இல் தேர்தல் நடத்தியது இந்தியாவில் செய்த வாக்குப்பதிவு இயந்திரங்களில். இயந்திரம் கொடுக்கலாம், அகதிக்குக் கதவைத் திறக்கலாம், கொடுங்கோலனோடு வியாபாரத்தை நிறுத்தலாம். இதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து எழுந்து வரப்போகும் எதிரணித் தங்கைக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த மக்கள் முன்னமே தேர்தல் கண்டிராத ஒரு நாட்டில், வெளியிலிருந்து போன படை மக்களாட்சியை நட்டு, படை திரும்பிய பிறகும் அது நின்றது என்று ஒரு பெயர் சொல்லுங்கள். மைக்கை உங்கள் பக்கம் தள்ளிவிட்டு உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.