ஜார்ஜ் ஈட்: ஓங்கி நிற்பது குதிரைக் களமே

நடுவர் அவர்களுக்கும் அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

ஜார்ஜ் ஈட், கிரிக்கெட்டும் ஆடி, பந்தயக் குதிரையும் ஓட்டிய ஆங்கிலேயர். 'ஜார்ஜ் ஈடின் வாழ்வில் ஓங்கி நிற்பது கிரிக்கெட் மைதானமா, குதிரைப் பந்தயக் களமா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் மைதானமே என்று வாதாடிவிட்டு அமர்ந்திருக்கிறார். ஈட் 1834-ல் இங்கிலாந்தின் இட்சனில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தார், 1863-ல் ஹாம்ப்ஷயர் கிரிக்கெட் சங்கம் உருவாக முன்னின்றார், மறு ஆண்டே அதன் கேப்டன் ஆனார், அந்தச் சங்கம் இன்றும் ஆடுகிறது, குதிரை அவருக்குக் கொடுத்தது சாவு மட்டும்தான் என்றார். தகவலில் பிழை இல்லை. எடை போட்டதில்தான் பிழை.

ஐயா, ஒரு சங்கத்தைப் பலர் கூடித்தான் கட்டுகிறார்கள். ஈட் அவர்களில் ஒருவர். அதற்குரிய பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் மட்டையைப் பிடித்து அவர் பெரிதாகச் சாதித்தது என்ன? எதிரணித் தலைவர் இத்தனை நேரம் பேசினாரே, ஒரு ஆட்டத்தில் ஈட் எடுத்த ரன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா?

இப்போது 1868-க்கு வாருங்கள். லிவர்பூலை அடுத்த எய்ன்ட்ரீ. கிராண்ட் நேஷனல் பந்தயம். நாலரை மைல் தூரம், இரண்டு சுற்று, வழியெல்லாம் வேலியும் பள்ளமும். அதில் பீச்சர்ஸ் புரூக் என்று ஒரு தடை உண்டு. 1839-ல் பந்தயத்தில் ஏறிய கேப்டன் பீச்சர் அந்த ஓடையில் விழுந்ததால் வந்த பெயர். குதிரை எழும்பும் இடத்தைவிட இறங்கும் இடம் தாழ்ந்து கிடக்கும். வேலியைத் தாண்டி அந்தரத்தில் இருக்கும் நொடியில் ஓட்டுபவர் பின்னால் சாய வேண்டும், கடிவாள வாரை விரலிடுக்கில் நழுவவிட வேண்டும். விடாமல் இறுக்கிப் பிடித்தால் குதிரையால் கழுத்தை நீட்டிச் சமாளிக்க முடியாது, இருவரும் மண்ணில் விழ வேண்டியதுதான். சரியான நொடியில் விட்டு, இறங்கியதும் சரியான நொடியில் மறுபடி பிடிக்க வேண்டும். இதைப் பந்தயம் முழுக்கத் தடைக்குத் தடை செய்தவர் ஈட். அவர் ஏறியிருந்தது தி லாம்ப் என்ற சாம்பல் நிறக் குதிரை, ஆறே வயது, உருவத்திலும் சிறியது. இரண்டாவதாக வந்தது பேர்ல் டைவர். 1865-ல் இதே பந்தயத்தை வென்ற அல்சிபியாட் மூன்றாவது. இந்த இரண்டையும் பின்னால் விட்டுத்தான் அந்தச் சின்னக் குதிரையை முதலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

'வென்றது குதிரை, 1871-ல் வேறொருவர் ஏறியும் அதே குதிரை வென்றதே' என்றார்கள். வென்றது, ஒப்புக்கொள்கிறேன். அது நல்ல குதிரை. ஆனால் 1871-ல் ஏறிய டாமி பிக்கர்நெலுக்கு, இந்தக் குதிரை இந்தப் பாதையை வெல்லும் என்று தெரியும். தெரிய வைத்தவர் யார்? மூன்று ஆண்டுக்கு முன்னால் ஈட் தானே!

அப்புறம், எதிரணி பெரிதாக நம்பியிருக்கும் வாதம். வெற்றியாளர் பட்டியலில் ஈட் என்ற பெயர் இல்லை, 'மிஸ்டர் எட்வர்ட்ஸ்' என்றுதான் இருக்கிறது, சொந்தப் பெயரை மைதானத்துக்குத்தான் கொடுத்தார் என்கிறார்கள். அந்தக் காலத்தில் கூலி வாங்காமல் பந்தயத்தில் ஏறும் கனவான்கள் பலர் புனைபெயரில் ஏறினார்கள். பிக்கர்நெலும் 'மிஸ்டர் தாமஸ்' தான். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். கூலி இல்லை, பேரும் இல்லை, கழுத்து முறியும் ஆபத்து மட்டும் உண்டு. அப்படிப்பட்ட களத்துக்கு ஒருவர் திரும்பத் திரும்பப் போகிறார் என்றால் அவர் மனம் எங்கே இருந்தது? நடுவர் அவர்களே, என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சியை எதிரணியே கொண்டுவந்து கொடுத்திருக்க முடியாது.

சாவைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். 1870-ல் அதே எய்ன்ட்ரீயில் சிப்பன்ஹாம் என்ற குதிரையில் ஏறினார். அந்தக் குதிரை வேண்டாம் என்று நண்பர் ஆர்தர் யேட்ஸ் தடுத்ததாகச் சொல்வார்கள். ஏறினார், விழுந்தார், பிழைக்கவில்லை. வயது நாற்பதைக்கூட எட்டவில்லை. எனக்கும் நெஞ்சு வலிக்கிறது. அதற்காக 'குதிரை அவர் வாழ்வை அழித்தது' என்று தீர்ப்பு எழுத முடியுமா? கிராண்ட் நேஷனலை ஐந்து முறை வென்ற ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் என்ற தொழில்முறை ஓட்டுநர், எந்தப் பந்தயத்திலும் சாகவில்லை. 1871-ல் வீட்டுக்குச் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்த வழியில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். ஐந்து வெற்றியை மறைத்துவிட்டு அந்தக் கடைசி நாளை மட்டும் வைத்தா ஸ்டீவன்ஸை அளப்பீர்கள்? ஈடுக்கு மட்டும் ஏன் வேறு தராசு?

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஈட் ஆடிய ஏதாவது ஒரு இன்னிங்ஸை, ஒன்றே ஒன்றை, 1868-ன் அந்த நாலரை மைலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். வைத்த பிறகு நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.