அந்த ஓட்டையை அடைக்க முடியும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம். இன்று நான் பேசப்போவது ரேடியோவில் அதிகம் கேட்காத விஷயம். பக்கத்தில் மாமனாரோ வளர்ந்த பையனோ இருந்தால் சத்தத்தைக் குறைக்கத் தோன்றும். குறைக்காதீர்கள், அவர்களும் கேட்கட்டும்.

பிரசவமோ, கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷனோ முடிந்த பிறகு சில பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாகச் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். இருமும்போதும் தும்மும்போதும் இரண்டு சொட்டு வருவது வேறு, அது தசைத் தளர்ச்சி. நான் சொல்வது படுத்தாலும் உட்கார்ந்தாலும், ராத்திரி பகல் பாராமல் கசிவது. சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் ஓட்டை விழுந்தால்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். டாக்டர்கள் இதை ஃபிஸ்டுலா என்பார்கள்.

இது எப்படி வருகிறது? முதல் காரணம், முட்டிக்கொண்டு நிற்கும் பிரசவம். குழந்தையின் தலை இறங்க வழியில்லாமல் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், தாயின் இடுப்பெலும்போடு சிறுநீர்ப்பையை அழுத்திக்கொண்டிருக்கும். அழுத்தம் பட்ட இடத்துக்கு ரத்தம் போகாது. அங்கே சதை செத்து, சில நாள் கழித்து உதிர்ந்து விழும். அப்போதுதான் ஒழுக ஆரம்பிக்கும். இடுப்பெலும்பு முழுதாக வளராத வயதில் கர்ப்பமாகும் பெண்ணுக்கு இந்த ஆபத்து அதிகம். நம் இரண்டு மாவட்டங்களிலும் மலைக்கிராமங்களில் பதினெட்டுக்கு முன்பே தாலி ஏறுவது இன்னும் நின்றபாடில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்காவது அப்படி நடப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போடுங்கள். இடுப்புவலி வந்து வெகுநேரம் ஆகியும் குழந்தை இறங்கவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது காரணம் ஆபரேஷன். கர்ப்பப்பையும் சிறுநீர்ப்பையும் ஒட்டியே இருக்கும் உறுப்புகள். கர்ப்பப்பையை எடுக்கும்போது இரண்டையும் பிரித்தாக வேண்டும். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு அந்த இடம் தழும்பாகி இறுகியிருக்கும், பிரிப்பது இன்னும் சிரமம். கைதேர்ந்த டாக்டர் செய்தாலும் சில நேரம் சிறுநீர்ப்பையில் காயம் படும், அல்லது தையலில் சிக்கிக்கொள்ளும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குச் சில வருடங்கள் கழித்தும் இது வரலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒழுகல் பெரும்பாலும் முதல் நாளே தெரிவதில்லை. ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்திருப்பார்கள். வெள்ளைப்படுகிறது போல, ஆபரேஷன் செய்த உடம்பு அப்படித்தான் இருக்கும், சூடு, செய்வினை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அவளும் துணி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, நாற்றம் வெளியே தெரியுமோ என்று பஸ் ஏறாமல், நூறு நாள் வேலைக்குப் போகாமல், திருவிழாவுக்கும் ஒதுங்கி மூலையில் உட்கார்ந்துவிடுவாள். புருஷன் விட்டுப்போன குடும்பங்களும் உண்டு. சீக்கிரமே, ஓட்டை சிறியதாக இருக்கும்போதே வந்திருந்தால், ஆபரேஷன் கூட இல்லாமல் சில வாரம் சிறுநீர் டியூப் வைத்தே சிலருக்கு ஆறியிருக்கும். அந்த ஆரம்ப நாட்களைத்தான் வெட்கம் தின்றுவிடுகிறது.

கண்டுபிடிப்பது பெரிய கஷ்டமில்லை. சிறுநீர்ப்பைக்குள் நீல மருந்து விட்டு, பிறப்புறுப்பில் வைத்த பஞ்சு நீலமாகிறதா என்று பார்ப்பார்கள். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது மாதிரிதான். பஞ்சு நீலமாகாமல் நனைகிறது, வழக்கம்போல ஒன்றுக்கும் போக முடிகிறது என்றால், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயிலேயே காயம் இருக்கலாம். அதற்கு ஸ்கேன் எடுப்பார்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது, அந்தப் பக்கச் சிறுநீரகமே கெட்டுப்போகும்.

தானாக ஆறாத ஓட்டையைத் தைத்து மூட வேண்டும். வழக்கமாக மூன்று மாதம் போல, புண்ணின் வீக்கம் வடியும்வரை பொறுத்துச் செய்வார்கள். எல்லாருக்கும் அந்தக் கணக்கில்லை, சிலருக்கு முன்னதாகவே செய்யலாம். பழக்கப்பட்ட கைகளில் பெரும்பாலானவர்களுக்கு முதல் முறையே சரியாகிவிடும். அந்த முதல் முறைக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பதால், இதைச் செய்து பழகிய டாக்டரிடமே போங்கள். கதிர்வீச்சினால் வந்தது மட்டும் கடினம், அங்கே ரத்த ஓட்டமே குறைந்திருக்கும். இந்த ஆபரேஷனுக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 1840-களில் அமெரிக்காவில் மரியன் சிம்ஸ் என்ற டாக்டர், அடிமைப் பெண்களை மயக்க மருந்து கொடுக்காமல் திரும்பத் திரும்ப அறுத்துத்தான் இதைக் கற்றார். அனார்க்கா, லூசி, பெட்சி என்ற மூன்று பேரின் பெயர் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. சிம்ஸ் பெயரைவிட அந்தப் பெயர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

சரி, எங்கே போவது? உங்கள் ஊர் நர்சம்மாவிடமோ, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் அக்காவிடமோ சொல்லுங்கள். அந்தத் திட்டமே 2021-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். "பிரசவத்துக்கு அப்புறம் ஓயாமல் ஒழுகுது" என்ற ஒரு வாக்கியம் போதும்.

போகும் வரைக்கும் தண்ணீரைக் குறைக்காதீர்கள். நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி நாற்றமும் எரிச்சலும் கூடும், கல்லும் சேரும். நனைந்த துணியை உடனே மாற்றி, தோலில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு மூன்று வாரம் டியூப் இருக்கும், அது மடங்கி அடைபடாமல் வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கணவன் மனைவி சேரக் கூடாது, பாரமும் தூக்கக் கூடாது. பிறகு கர்ப்பமானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியும்போதே இந்த ஆபரேஷனைச் சொல்லிவிடுங்கள், பிரசவம் சிசேரியனாகத்தான் இருக்கும்.