டிசம்பரில் நான் வெறும் ஆல்டோ

எல்லாருக்கும் வணக்கம். ஸ்தோத்திரம் சொல்லிப் பழகியவர்களுக்கு ஸ்தோத்திரம். குரல் கரகரப்பாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சளி எல்லாம் இல்லை. ராத்திரி வெகுநேரம் பாடிவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். டிசம்பர் வந்தாலே என் குரல் இப்படி ஆகிவிடும் என்று பழைய நேயர்களுக்குத் தெரியும்.

சமீபத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். "மிஷனரி என்கிறீர்கள். டிசம்பர் முழுக்க நண்பர்களோடு பாட்டுப் பாடிக்கொண்டே இருக்கிறீர்கள். இதுவும் ஊழியமா, இல்லை பொழுதுபோக்கா?" நியாயமான கேள்விதான். எனக்குக் கோபம் வரவில்லை. பதிலும் சுருக்கமானதுதான்: இது ஊழியம் இல்லை. அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு சந்தோஷம். இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

மிஷனரி வேலை என்பது முக்கால்வாசி பேச்சு. போதிப்பது, விளக்குவது, வீடுகளில் போய் உட்கார்ந்து ஆறுதல் சொல்வது, அப்புறம் ஆதரிக்கிறவர்களுக்கு அறிக்கை எழுதுவது. எங்கே போனாலும் நான் முன்னால் நிற்கிற ஆள். நான் பேசுவேன், மற்றவர்கள் கேட்பார்கள். நான் சொல்வதை யாராவது மறுத்தால்கூட மரியாதையாக மறுப்பார்கள். இது ஒரு தனிமை. ஊழியத்தில் இருக்கிறவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் உள்ளுக்குள் எல்லாருக்கும் தெரியும். அதிலும் கிறிஸ்துமஸ் சமயத்தில், சொந்தக் குடும்பம் தொலைவில் இருக்கும்போது, அது இரண்டு மடங்கு ஆகிவிடும். போனில் வீட்டாரின் முகத்தைப் பார்ப்பது கொஞ்சம் ஆறுதல். சில நேரம் ஏக்கத்தைக் கூட்டியும் விடும்.

பாட உட்கார்ந்தால் அதெல்லாம் மாறிவிடுகிறது. நான் அங்கே இரண்டாம் வரிசை ஆல்டோ. ஆல்டோ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பெண் குரல்களில் கீழ்ப்பகுதி. மேலே இருக்கிற சோப்ரானோவுக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்த மெட்டு கிடைக்கும். ஆண்களில் டெனருக்கு நெகிழ்ச்சியான வளைவுகள் வரும், பாஸுக்குக் கம்பீரம் வரும். ஆல்டோவுக்கு? பாதிப் பாட்டு ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டும். தனியாகப் பாடிக் காட்டினால் இது என்ன பாட்டு என்றே யாருக்கும் தெரியாது. ஆனால் மற்ற மூன்று பேரும் சேரும்போது அந்த ஒற்றை ஸ்வரம் எங்கே போய் உட்கார்கிறது என்று கேட்க வேண்டுமே! வருஷம் முழுக்க முன்னால் நின்று பேசிய ஆளுக்கு, நடுவில் மறைந்து நிற்பது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா?

ஒரு ஆராய்ச்சியைச் சொல்கிறேன். 2015ல் ராபின் டன்பார் என்கிற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும், பெரியவர்களுக்காகப் புதிதாகத் தொடங்கிய வகுப்புகளை ஏழு மாதம் கவனித்து எழுதியது. சிலர் சேர்ந்து பாடினார்கள், சிலர் கைவினை கற்றார்கள், சிலர் எழுதக் கற்றார்கள். ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லா வகுப்புக்காரர்களும் ஏறக்குறைய ஒரே அளவு நெருக்கமாகியிருந்தார்கள். வித்தியாசம் தொடக்கத்தில்தான் இருந்தது. பாடியவர்கள் மட்டும் முதல் மாதத்திலேயே சட்டென்று ஒட்டிக்கொண்டார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. புது ஊருக்குப் போன எந்த மிஷனரியைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார். அங்குள்ள மொழி தட்டுத்தடுமாறி வருகிற காலத்தில், கடையில் ஒரு பொருளைக் கேட்டு வாங்கவே வேர்த்துப் போகும். ஆனால் பாட்டு என்றால் வரிகள் தாளில் இருக்கின்றன, மெட்டைப் பக்கத்தில் நிற்பவர் தருகிறார். யாரோடு உருப்படியாக ஒரு நிமிஷம் பேசக்கூட முடியாதோ, அவரோடு நாலு சரணம் தப்பில்லாமல் பாடிவிடலாம்.

அப்புறம் மூச்சு. 2013ல் ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். பாட்டின் வரி அமைப்பு மூச்சு விடும் இடத்தைத் தீர்மானிக்கிறது. மூச்சை ஒட்டி இதயத் துடிப்பும் ஏறி இறங்குகிறது. எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு விடுவதால், துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒன்றாகிறது. நான் ஒன்றும் மருத்துவர் இல்லை, இதற்கு மேல் விளக்கத் தெரியாது. ஆனால் கடைசிச் சரணம் முடிந்ததும் யாரும் உடனே பேசாமல் இருக்கிற அந்தச் சில நொடிகளை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள்.

சரி, "சைலன்ட் நைட்" பாட்டுக்கு வருவோம். தமிழில் எத்தனையோ பேர் எத்தனையோ வடிவத்தில் பாடியிருப்பீர்கள். அந்தப் பாட்டே இரண்டு நண்பர்களின் வேலைதான், தெரியுமா? யோசஃப் மோர் என்கிற இளம் குருவானவர் 1816ல், ஆஸ்திரியாவின் மரியாப்ஃபார் என்ற ஊரில் இருந்தபோது வரிகளை எழுதி வைத்திருந்தார். இரண்டு வருஷம் கழித்து ஓபெர்ன்டார்ஃபில் இருந்தபோது, 1818 டிசம்பர் 24 அன்று, அதை ஃபிரான்ஸ் சேவர் குரூபர் என்கிற பள்ளி ஆசிரியரிடம் கொடுத்து மெட்டுப் போடச் சொன்னார். அன்றைக்கு ராத்திரியே இரண்டு பேரும் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் பாடிவிட்டார்கள். மோர் மேல் குரல், கையில் கிட்டார். குரூபர் பாஸ். ஒவ்வொரு சரணத்தின் கடைசி வரிகளைக் குழு திரும்பப் பாடியது.

ஆலயத்து ஆர்கன் என்ற பெரிய இசைக்கருவியை எலி கடித்துவிட்டது, அதனால்தான் கிட்டார் என்று ஒரு கதை சுற்றுகிறதே, அது பிற்காலத்தில் யாரோ கட்டிவிட்டது. எனக்கு அந்த எலி தேவையே இல்லை. இரண்டு நண்பர்கள், ஒரு கிட்டார், ஒரே நாளில் ஒரு பாட்டு. இதைவிட என்ன வேண்டும்?

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஆர்கன் பழுதுபார்க்கிறவர், ஊர் ஊராகப் பாடிய குடும்பங்கள் என்று கைமாறிக் கைமாறிப் பாட்டு எங்கெங்கோ போய்விட்டது. ரைனர் குடும்பத்தார் 1839ல் நியூயார்க்கில் பாடினார்கள். பாட்டு பிரபலம், ஆனால் எழுதியவர்கள் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய இசையமைப்பாளர்களான ஹைடன் போட்டது, மொசார்ட் போட்டது என்றெல்லாம் பேச்சு. 1854ல் பெர்லினிலிருந்து விசாரித்துக் கடிதம் வர, அப்போதுதான் குரூபர் உட்கார்ந்து நடந்ததை எழுதிக் கொடுத்தார். மோர் அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1848ல், இறந்துவிட்டார். கையில் காசில்லாமல்தான் இறந்தார். அவர் கையால் எழுதிய பிரதி ஒன்று 1995ல் கிடைத்தது. வரி மோர், மெட்டு குரூபர் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நண்பர் பெயரைத் தன் கையால் எழுதி வைத்தாரே அந்த மனுஷர், அதுதான் எனக்குப் பிடித்தது.

1914ல், முதல் உலகப் போரின் போர்முனையில் இரண்டு பக்கமும் பாடிய கதையை நான் சொல்லப் போவதில்லை. வருஷா வருஷம் எல்லாரும் சொல்கிறார்கள்.

அதற்குப் பதிலாக அதிகம் பேசப்படாத ஒன்று. 1741 டிசம்பர் 24. அமெரிக்காவின் பென்சில்வேனியா. மொரேவியர்கள் என்ற சபையார் அங்கே புதிதாக ஒரு குடியிருப்பு அமைத்துக்கொண்டிருந்தார்கள். மிஷனரி வேலையில் உலகமெங்கும் ஆட்களை அனுப்பிய சபை அது. 1732லேயே கரீபியத் தீவான செயின்ட் தாமஸுக்கு இரண்டு பேரை அனுப்பியவர்கள். பென்சில்வேனியாவில் அவர்களுக்கு அப்போது ஒரு மரக்கட்டை வீடுதான். வீட்டோடு ஒட்டியே மாட்டுத் தொழுவம். அவர்களுடைய தலைவரான சின்சென்டார்ஃப் பிரபு வந்திருந்தார். ராத்திரி ஆராதனையில், எருசலேம் அல்ல, பெத்லகேமே என்று வருகிற ஒரு ஜெர்மன் பாட்டை எல்லாரும் பாட, அந்த இடத்துக்குப் பெத்லகேம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த நகரத்துக்கு அதுதான் பெயர். ஒரு காலத்தில் எஃகு ஆலைக்குப் பேர்போன பெத்லகேம் அதுவேதான்! வீட்டை விட்டு அவ்வளவு தூரம் வந்து, குளிரில், மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அவர்கள் யாருக்கும் பிரசங்கம் செய்யவில்லை. தங்களுக்காகப் பாடிக்கொண்டார்கள்.

இன்னொரு மிஷனரி, இயேசு சபையைச் சேர்ந்த ழான் தெ பிரெபஃப். கனடாவில் வெண்டாட் என்ற பூர்வகுடி மக்களிடையே இருந்தவர். சுமார் 1642ல் அவர்களுடைய மொழியிலேயே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை எழுதினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மெட்டு பழைய பிரெஞ்சு நாட்டுப்பாட்டு. 1649ல் நடந்த போரில் அவர் கொல்லப்பட்டார். வெண்டாட் மக்களும் சிதறிப் போனார்கள். ஆனால் பாட்டு போகவில்லை. கியூபெக் பக்கம் வந்து குடியேறிய வெண்டாட் மக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காப்பாற்றினார்கள். இன்று உலகம் பாடுகிற ஆங்கில வரிகள் 1926ல் வந்தவை. மூலத்தின் மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது. முயல் தோல், மரப்பட்டைக் குடிசை எல்லாம் அப்போது நுழைந்தவை. எனக்கு அந்த ஆங்கில வடிவம் அவ்வளவாகப் பிடிக்காது. வெளியாள் ஒருவர் கற்பனை செய்த காடு மாதிரி இருக்கும். பாட்டைக் காப்பாற்றிய மக்களின் வாயில் அது எப்படி இருந்ததோ, அதைத் தேடிக் கேளுங்கள். வெண்டாட் மொழியில் பாடிய பதிவுகள் இருக்கின்றன.

நண்பர்கள் என்றால் சண்டையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். "ஹார்க் தி ஹெரால்ட்" பாட்டை சார்ல்ஸ் வெஸ்லி 1739ல் வெளியிட்டார். அவரும் ஒரு காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனரி வேலைக்குப் போய்வந்தவர்தான். அவருடைய நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் 1753ல் அதன் முதல் வரியையே மாற்றிவிட்டார். வெஸ்லியின் அண்ணன் ஜான் பிற்பாடு ஒரு முன்னுரையில், எங்கள் பாட்டுகளைத் திருத்த வேண்டாம், அப்படியே விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் இன்று உலகம் பாடுவது ஒயிட்ஃபீல்ட் மாற்றிய வரியைத்தான். மெட்டு இன்னும் வேடிக்கை. இசையமைப்பாளர் மெண்டல்ஸோன் 1840ல் அச்சுக்கலை விழாவுக்கு, அச்சுக்கலை முன்னோடி கூட்டென்பர்க்கைப் புகழ்ந்து போட்ட இசை. அது பக்திப் பாட்டுக்குச் சரிவராது என்பது அவருடைய அபிப்பிராயம். 1855ல் கம்மிங்ஸ் என்பவர் எதையும் சட்டை செய்யாமல் இரண்டையும் சேர்த்துவிட்டார். எங்கள் குழுவில் எந்த வரியைப் பாடுவது, எவ்வளவு வேகம் என்று இன்றைக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம். முன்னோர் வழி!

பாட நினைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். "ஜாய் டு தி வேர்ல்ட்" தொடங்கும்போது சுருதியைப் பார்த்துத் தொடங்குங்கள். முதல் வரி மேல் ஸவில் ஆரம்பித்துக் கீழ் ஸ வரை, ஒரு ஸ்வரம்கூட விடாமல், சுத்தமான சங்கராபரண அவரோகணம். எட்டு அசைக்கு எட்டு ஸ்வரம். பாட்டின் உச்சம் முதல் எழுத்திலேயே வந்துவிடுகிறது. உற்சாகத்தில் மேலே பிடித்துவிட்டால் கடைசிவரை எல்லாரும் கத்த வேண்டியதுதான். கீழே பிடித்தால் வரி முடிவதற்குள் குரல் தரையில் விழுந்துவிடும். இசைக்கருவி இல்லாவிட்டால் யாராவது ஒருவர் போனில் சுருதி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அப்புறம் இன்னொன்று: இந்தப் பாட்டின் வரிகளை ஐசக் வாட்ஸ் 1719ல் 98ஆம் சங்கீதத்தை வைத்து எழுதினார். தொழுவம், மேய்ப்பர்கள், நட்சத்திரம் எதுவும் அதில் கிடையாது. இருந்தும் கிறிஸ்துமஸ் பாட்டாகவே நிலைத்துவிட்டது.

இப்போது அந்தக் கேள்விக்குத் திரும்புகிறேன். எங்களோடு பாட வருகிறவர்களில் சபையைச் சேராதவர்கள் பலர். ஒருவருக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை, ஆனால் எங்களிடம் இருக்கிற ஒரே உருப்படியான பாஸ் அவர்தான். "இவர்களுக்கு நடுவில் ரெண்டு வார்த்தை சொல்லலாமே, நல்ல வாய்ப்பாச்சே" என்று ஊழியத்தில் இருக்கிற சில நண்பர்கள் சொல்வார்கள். நான் மாட்டேன். அவர்கள் பாட வந்தார்கள், பாடட்டும். பாட்டைத் தூண்டில் ஆக்கினால் அடுத்த வருஷம் யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் பழைய மாதிரி இருக்காது. யாராவது ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் அடுத்த பாட்டுக்குப் பக்கம் புரட்டுவேன். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இருப்பீர்கள், பரவாயில்லை, எழுதுங்கள், படிக்கிறேன்.

அடுத்த வீடியோவில் "ஜாய் டு தி வேர்ல்ட்" பாட்டின் நாலு குரலையும் தனித்தனியாகப் பாடிக் காட்டுகிறேன், வீட்டில் பழகிக்கொள்ளலாம். டெனர் பகுதிக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. யாராவது பதிவு செய்து அனுப்பினால் சேர்த்துவிடுவேன். சுருதி டி மேஜர், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் போய் வெந்நீர் குடிக்கிறேன்.