இரணைமடு வான்கதவும் மென்பொருளின் ஒப்புதல் கதவும்

[காட்சி: மழைக்கால இரணைமடு, வான்கதவுகள்]

வணக்கம். மாரி மழையில் இரணைமடு நிரம்பத் தொடங்கினால் கிளிநொச்சியில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "இப்போது எத்தனை அடி?" 36 அடி கொள்ளும் குளம் அது. வான்கதவைத் திறப்பவர் அந்த அளவை மட்டும் பார்த்தால் போதாது. கனகராயன் ஆற்றில் இன்னும் எவ்வளவு தண்ணீர் வருகிறது, கீழே உள்ள பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை மக்களுக்குச் சொல்லியாயிற்றா என்பதையும் பார்க்க வேண்டும். திறந்துவிட்ட தண்ணீர் குளத்துக்குத் திரும்பாது.

[காட்சி: பைப்லைன் வரைபடம்]

எழுதிய நிரலைப் படிப்படியாகப் பாவனைக்குக் கொண்டுபோகும் தானியங்கி வரிசைதான் மென்பொருள் பைப்லைன். அதிலும் இப்படி ஒரு கதவு வைக்கலாம். நிரல் தானாகவே பில்ட் ஆகிறது, அதாவது இயங்கும் வடிவம் பெறுகிறது, சோதனைகள் ஓடுகின்றன, பரிசோதனைச் சர்வருக்குப் போகிறது. மக்கள் பாவிக்கும் சர்வருக்கு முன்னால் மட்டும் எல்லாம் நின்று, ஒரு மனிதரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கும். அதுதான் அப்ரூவல் கேட், ஒப்புதல் கதவு.

இப்படிப் பைப்லைன் அமைக்க உதவும் கருவிகளில் ஒன்று கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ். அதில் ஒரு என்வயர்ன்மென்ட்டுக்கு, அதாவது வெளியீடு போய்ச்சேரும் சூழலுக்கு, 6 ஒப்புதலாளர்கள் வரை நியமிக்கலாம். ஒருவர் சம்மதித்தாலே கதவு திறக்கும். 30 நாள்களுக்குள் எவரும் சம்மதிக்காவிட்டால் அந்த வேலை தோல்வியாக முடியும். வெளியீட்டைத் தொடங்கியவரே ஒப்புதலும் தருவதைத் தடுக்கும் தெரிவு அங்கே இருக்கிறது. அதைக் கட்டாயம் இயக்கிவையுங்கள். ஜென்கின்ஸ் என்ற இன்னொரு கருவியில் இதற்கு 'இன்புட்' என்ற படி உண்டு. அதை ஏஜென்ட்டுக்குள், அதாவது வேலைகளை ஓட்டும் கணினிக்குள், வைத்தால் காத்திருக்கும் நேரம் முழுவதும் ஓர் எக்ஸிகியூட்டர், அதாவது ஒரு வேலை ஓடும் இடம், முடங்கிக் கிடக்கும். வெளியே வைத்து, நேர எல்லையும் கொடுங்கள்.

[காட்சி: கைபேசியில் ஒப்புதல் கோரிக்கை]

ஒருமுறை வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வரும்போது இப்படியொரு கோரிக்கை எனக்கு வந்தது. மாங்குளம் தாண்டும் நேரம், வாசிக்காமலே சம்மதம் கொடுத்துவிட்டேன். அந்த வெளியீடு தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசையையே (column) நீக்கியது. பழைய பதிப்பை மீண்டும் ஏற்றினோம். நிரல் திரும்பியது, அழிந்த தரவு திரும்பவில்லை. முந்தைய இரவின் காப்புப்பிரதியிலிருந்துதான் மீட்டோம். அன்று காலை பதிவான நெல் கொள்வனவுக் கணக்குகளை ஆட்களிடம் மறுபடி கேட்டு எழுதினோம்.

அதனால் இப்போது ஒப்புதல் கோரிக்கையிலேயே மூன்று விடயங்களை எழுதச் சொல்கிறேன்: என்ன மாறுகிறது, தரவுத்தளத்தைத் தொடுகிறதா, பிழைத்தால் எப்படித் திரும்புவது. சோதித்த அதே பில்ட்தான் மேலே போகவும் வேண்டும். ஒப்புதலுக்குப் பின் புதிதாகக் கட்டினால் நீங்கள் பார்த்தது வேறு, போனது வேறு.

கதவுகளைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு. சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர், எந்த நாளில் தண்ணீர் என்று முடிவெடுத்த பிறகு, ஒவ்வொரு வாய்க்காலுக்கும் மறுபடி கூட்டம் வைப்பதில்லை. இயந்திரம் சரிபார்க்கக்கூடியதை இயந்திரத்திடமே விடுங்கள். மென்பொருள் வெளியீட்டு முறைகளை ஆராயும் டோரா (DORA) குழுவின் 2019ஆம் ஆண்டு ஆய்வும், குழுவுக்கு வெளியிலிருந்து பெறும் முறையான ஒப்புதல்கள் வெளியீட்டுத் தோல்விகளைக் குறைத்ததற்குச் சான்று இல்லை என்றே கண்டது. எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கும் சம்மதம் கேட்டால், பத்தாவது கோரிக்கையை எவரும் வாசிக்கமாட்டார்கள்.

[காட்சி: பைப்லைனின் படிகளை எழுதும் யாம்ல் (YAML) கோப்பு]

இனிக் கிட்ஹப்பில் செய்து பார்ப்போம். ஒப்புதலாளர்களை அமைப்புப் பக்கத்தில் சேர்த்தாயிற்று. ஆனால் வெளியீட்டு வேலையின் கீழ் அந்த என்வயர்ன்மென்ட்டின் பெயரை எழுதாவிட்டால் கதவு அந்த வேலையை நிறுத்தாது. இதோ, அந்த ஒரு வரியைச் சேர்க்கிறேன்.