டோனட் பொரித்த சகோதரிகள் படைவீரர்களா?

அடுத்த கேள்வியை அனுப்பியிருப்பவர் தக்கலையைச் சேர்ந்த ஒரு சகோதரி. முதல் உலகப் போர்க்காலப் புகைப்படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். இரும்புத் தொப்பி அணிந்த பெண்கள் தட்டு நிறைய டோனட் என்ற பொரித்த இனிப்புப் பலகாரத்துடன் நிற்கிறார்கள். கீழே 'இரட்சணிய சேனை' என்று போட்டிருக்கிறது. "இவர்கள் ராணுவத்தினரா? போர்முனைக்குப் போயும் பெண்களுக்கு அடுப்படிதானா?" என்று கேட்கிறார்.

ராணுவத்தினர் அல்லர். இரட்சணிய சேனை (Salvation Army) ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு; 'சேனை', 'அதிகாரி' என்பவை பெயரளவில்தான். நம் குமரி மாவட்டத்தில் அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனையை எல்லோரும் அறிவோம். நாகர்கோவிலில் அந்த மருத்துவப் பணியைத் தொடங்கிய ஹாரி ஆண்ட்ரூஸ், 1919 அக்டோபரில் இன்றைய பாகிஸ்தானிலுள்ள வசீரிஸ்தானில் குண்டுமழைக்கு நடுவே காயப்பட்டவர்களை வண்டியில் ஏற்றி அனுப்பும்போது உயிர்விட்டார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருடைய மறைவுக்குப் பிறகுதான் வந்தது. 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த ஜான்சி ராணி படையில் சேர்ந்த மலாயாத் தமிழ்ப் பெண்களின் கதை வேறு. அவர்கள் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற போராளிகள். புகைப்படத்தில் இருப்பவர்கள் தொண்டர்கள்.

இனி அடுப்படிக்கு வருகிறேன். சகோதரியின் ஆதங்கம் நியாயமானது. அன்றைய ராணுவம் பெண்களுக்குத் திறந்துவிட்ட வாசல் மிகவும் குறுகல். ஆனால் அந்த வாசல் வழியே நுழைந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

1917இல் அமெரிக்க ராணுவத்தின் முதல் டிவிஷன் (படைப்பிரிவு) பிரான்சில் முகாமிட்டிருந்தது. ஓயாத மழை, சேறு. வீட்டு நினைவில் வாடும் இளைஞர்கள். அங்கே இருந்த ஹெலன் பர்வையன்ஸ், மார்கரெட் ஷெல்டன் என்ற இரண்டு சேனை அதிகாரிகளுக்குக் கிடைத்தது மாவு, சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, டின் பால், இவ்வளவுதான். இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தபோது பிறந்ததே டோனட் யோசனை. மாவு தேய்க்கக் கட்டை இல்லாததால் பாட்டிலால் தேய்த்தார்கள். வாணலியோ சிறியது, ஒரு ஈட்டுக்கு ஏழுதான் பொரியும். தாழ்வான விறகு அடுப்பின் முன்னால் ஹெலன் முழங்காலிட்டபடியே பொரித்தார். மணம் பரவியதும் வீரர்கள் மழையிலேயே வரிசையில் நின்றார்கள். முதல் நாள் 150 டோனட். உளுந்துவடை போல நடுவில் துளை வேண்டும் என்று வீரர்கள் கேட்க, உள்ளூர்க் கொல்லர் ஒருவர் பால் டின்னின் மேல்பகுதியையும் ஒரு சிறு குழாயையும் மரக்கட்டையில் பொருத்தி அச்சு செய்து கொடுத்தார்.

இவர்கள் பின்னால் பத்திரமான நகரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. போர்முனைக்கு அருகில், விஷவாயு முகமூடி தோளில் தொங்க வேலை செய்தார்கள். பித்தான் தைத்தார்கள், கிழிந்த உடுப்பை ஒட்டுப் போட்டார்கள், அம்மாவுக்குக் கடிதம் எழுதத் தாள் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இறந்தவர்களின் கல்லறைகளில் பூ வைத்தார்கள்.

புகைப்படக்காரர்களுக்குப் பலகாரத் தட்டு எளிதில் அகப்பட்டது, மற்றவை அகப்படவில்லை. அதனால்தான் 'அடுப்படி' மட்டும் நம் கண்ணில் படுகிறது என்று நான் நினைக்கிறேன். வீரர்கள் அவர்களை எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு வேறொரு சான்று உண்டு: சம்பளப் பணத்தைச் சேனையிடம் கொடுத்து, "எங்கள் வீட்டில் சேர்த்துவிடுங்கள்" என்றார்கள், அதைக் கடல் கடந்து குடும்பங்களிடம் சேர்க்கும் ஏற்பாட்டையும் சேனை நடத்தியது.