பயிற்சி முடிந்த மறுநாள்

பெரியோர்களே, அருட்சகோதரிகளே, நண்பர்களே, வணக்கம்.

ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்குத் திருச்சபை நடத்தும் தொழிற்பயிற்சி என்றதும் நம் கண்முன் வருவது ஒரு புகைப்படம். வரிசையாகத் தையல் இயந்திரங்கள், அவற்றின் முன்னால் பெண்கள், கையில் சான்றிதழ். அந்தப் படம் உண்மைதான். ஆனால் படம் எடுத்த மறுநாளைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன். சான்றிதழோடு வீடு திரும்பிய பெண் குழந்தையை யாரிடம் விட்டாள்? துணி வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? தைத்ததை யார் வாங்கினார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கும் பயிற்சி நிலையம்தான் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறது.

உகாண்டாவின் வடக்கே குலு என்று ஒரு நகரம். ‘ஆண்டவரின் எதிர்ப்புப் படை’ என்று தன்னை அழைத்துக்கொண்ட ஜோசப் கோனியின் கூட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தப் பகுதியைச் சூறையாடியது. பிள்ளைகளைக் கடத்துவதே அவர்கள் ஆள் சேர்க்கும் முறை. பையன்கள் கையில் துப்பாக்கி கொடுப்பார்கள், பெண்பிள்ளைகளைத் தளபதிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். 1996 அக்டோபரில் அபோக்கே என்ற ஊரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி விடுதியில் புகுந்து 139 மாணவிகளை இரவோடு இரவாகக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த இத்தாலிய அருட்சகோதரி ரக்கேலே ஃபசேரா காட்டுக்குள் அவர்கள் பின்னாலேயே போய்க் கெஞ்சி 109 பேரை மீட்டு வந்தார். மீதி 30 பேரை அவர்கள் விடவில்லை.

இப்படிப் போனவர்களில் தப்பி வந்த பெண்கள் பலர் இடுப்பில் குழந்தையோடு வந்தார்கள். சொந்த வீட்டிலேயே அந்தக் குழந்தைக்கு இடமில்லை. பள்ளிப் படிப்பு பாதியில் நின்று வருடக்கணக்காகிவிட்டது. இவர்களுக்கு எந்தப் பள்ளி கதவைத் திறக்கும்?

குலுவில் இருந்த புனித மோனிக்கா தையல் பயிற்சி நிலையம் கதவைத் திறந்தது. 2000களின் தொடக்கத்தில் அதன் பொறுப்பை ஏற்ற அருட்சகோதரி ரோஸ்மேரி நிரும்பே வானொலியில் அறிவிப்புக் கொடுத்தார். படிப்பு விட்டுப்போனவர்கள் வரலாம், கர்ப்பமாக இருப்பவர்கள் வரலாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டும் வரலாம். வந்தார்கள், நிறையப் பேர் வந்தார்கள். புத்தகப் படிப்பைக் குறைத்து, கையால் செய்தே கற்கும்படி வகுப்பை மாற்றினார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அதே வளாகத்தில் ஏற்பாடு செய்தார். என்னைக் கேட்டால், அந்த நிலையத்தில் எடுக்கப்பட்ட மிகப் பெரிய முடிவு இதுதான். தையல் எங்கேயும் சொல்லித்தரலாம். ‘பிள்ளையோடு வா’ என்று ஒரு கன்னியர் மடம் வானொலியில் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

அங்கே அவர்கள் செய்யும் கைப்பை ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சோடா, பீர் டின்களைத் திறக்கும்போது விரலில் மாட்டி இழுக்கிறோமே, அந்தச் சின்ன அலுமினிய வளையம், அதுதான் மூலப்பொருள். நூற்றுக்கணக்கான வளையங்களைக் கழுவி, ஒன்றோடொன்று நூலால் கொக்கிப்பின்னல் போட்டுக் கோக்கிறார்கள். முடிந்ததும் மீன் செதிள்போல வெள்ளி நிறத்தில் மின்னுகிறது. வெளிநாட்டில் நல்ல விலைக்குப் போகிறது. 2014இல் டைம் இதழ், உலகில் செல்வாக்குமிக்க நூறு பேர் பட்டியலில் ரோஸ்மேரியைச் சேர்த்தது.

சரி, சட்டையும் கவுனும் தைக்கத் தெரிந்தவர்கள் ஏன் டின் வளையத்துக்குப் போக வேண்டும்? காரணம் சந்தையில் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழித்துப்போட்ட துணிகள் பேல் பேலாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வருகின்றன. கென்யாவில் அதை மித்தும்பா என்பார்கள். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவின் ஒவினோ சந்தையில் மலைபோலக் குவிந்து கிடக்கும். புதுத் துணி வாங்கித் தைக்கிற கூலியில் அங்கே முழு உடையே கிடைத்துவிடும்போது தையல்காரரிடம் யார் வருவார்கள்? இந்த இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த 2016இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் முடிவெடுத்தன. ருவாண்டா மட்டும் உறுதியாக நின்று வரியை உயர்த்தியது. அதற்குப் பதிலடியாக 2018இல் அமெரிக்கா, ருவாண்டா ஆடைகளுக்குக் கொடுத்துவந்த வரிச்சலுகையை நிறுத்திவைத்தது. நல்ல மனதோடு நாம் கழித்துக் கொடுக்கும் பழைய துணி, நல்ல மனதோடு நாம் வாங்கிக் கொடுத்த தையல் இயந்திரத்தின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறது. இதை நினைக்க எனக்கு வேதனையாக இருக்கிறது. அதனால்தான் விவரமான பயிற்சி நிலையங்கள் பள்ளிச் சீருடை, விசேஷங்களுக்குப் பெண்கள் உடுத்தும் கோமேசி என்று பழைய துணி போட்டி போட முடியாத வேலைகளைப் பார்த்துக் கற்றுக்கொடுக்கின்றன.

அடுத்தது முதலீடு, அதாவது தொழில் தொடங்கக் கையில் பணம். 1991இல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் என்ற தொண்டு நிறுவனம் கிராமப் பெண்களோடு ஒரு சேமிப்பு முறையைத் தொடங்கியது. அது ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. கத்தோலிக்க நிவாரண அமைப்பான சி.ஆர்.எஸ். அதைத் தன் வழியில் நடத்துகிறது. புருண்டியில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் அன்னையர் சங்கம் எழுத்தறிவு வகுப்போடு சேர்த்து நடத்துகிறது. நம் மகளிர் குழு போலத்தான், ஆனால் வங்கிக் கடன் கிடையாது. எல்லாம் அவர்கள் பணம்.

கூட்டம் இப்படி நடக்கும். பதினைந்திலிருந்து இருபத்தைந்து பேர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு இரும்புப் பெட்டி, அதில் மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காவது ஆளிடம். போன வாரம் பெட்டியில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட மனப்பாடமாகச் சொல்வார். அப்புறம்தான் பூட்டு திறக்கும். சேமித்தவர் புத்தகத்தில் ஒரு முத்திரை விழும். சேமிப்பைப்போல மூன்று மடங்கு வரை கடன் கிடைக்கும். சாவு, நோய் என்றால் எடுக்கத் தனி நிதி. ஏறக்குறைய ஒரு வருடம் முடிந்ததும் வட்டியோடு எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். தையல் கற்ற பெண்ணுக்குத் துணியும் நூலும் வாங்கும் காசு இந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது.

மாட்டுக் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1984இல் ஐரோப்பாவில் பால் உற்பத்திக்கு வரம்பு வைத்தார்கள். கறக்கிற மாட்டையே கழித்துவிட வேண்டிய நிலை. உகாண்டாவோ உள்நாட்டுப் போரில் கால்நடைகளை இழந்து நின்றது. அங்கிருந்த திருச்சபை கேட்டுக்கொண்டதும் இங்கிலாந்தின் கிறிஸ்தவ விவசாயிகள் சிலர் 1988இல் மாடுகளை விமானத்தில் அனுப்பினார்கள். பிறகு விமானத்தை விட்டுவிட்டு உள்ளூரிலேயே மாடு வாங்கினார்கள். மாடு வருமுன் குடும்பம் பயிற்சி எடுத்து, கொட்டில் கட்டி, தீவனப் புல் நட்டிருக்க வேண்டும். பிறக்கும் முதல் கிடாரிக் கன்று இன்னொரு குடும்பத்துக்குப் போக வேண்டும். வாங்கிய கையே கொடுக்கிற கையாகவும் ஆகிறது.

இதெல்லாம் இருந்தும் சட்டம் குறுக்கே நின்றால் திருச்சபையால் ஒரு அளவுக்கு மேல் எதுவும் முடியாது. கென்யாவின் வறண்ட வடமேற்கில் 1992இல் தொடங்கிய ககுமா அகதி முகாமில் தொன் போஸ்கோ தொடங்கிய சலேசிய சபையின் குருக்கள் பல ஆண்டுகளாகப் பற்றவைப்பும் தச்சும் சொல்லித்தருகிறார்கள். கற்றவர் முகாமை விட்டு வெளியே போய் வேலை தேட அனுமதிச் சீட்டு வேண்டும். வேலை உரிமைக்கு வழிவிடும் சட்டம் அங்கே 2021இல்தான் வந்தது. உகாண்டாவிலோ 2006ஆம் ஆண்டுச் சட்டமே அகதிகளுக்கு வேலை செய்யவும் நாட்டுக்குள் போய்வரவும் உரிமை தருகிறது. தென் சூடானிலிருந்து வந்தவர்களுக்காக 2017இல் திறந்த பாலபெக் குடியிருப்பில் சலேசியர்கள் அகதிகளின் நடுவிலேயே தங்கித் தொழிற்பள்ளி நடத்துகிறார்கள். மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கக் கற்ற பையன் சாலையோரத்தில் கடை போடலாம், குலுவுக்குப் போய் உதிரிபாகம் வாங்கி வரலாம். அவனைத் தடுக்க யாரும் இல்லை.

பாலபெக்கில் பணியாற்றும் குருக்களில் இந்தியாவிலிருந்து போனவர்களும் உண்டு. அவர்கள் ஊருக்கு வரும்போது கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். இந்த ஆண்டு அங்கே எது தேவை, எதை அனுப்பக் கூடாது என்று என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

நன்றி, வணக்கம்.