தபாலில் வந்த புதிரும் அப்பாவின் ரயில் அட்டவணையும்

வணக்கம் மக்களே! மைக் வேலை செய்யுதா... ம், செய்யுது. பின்னாடி கர்ர்னு சத்தம் வந்தா அது வாஷிங் மெஷின், கண்டுக்காதீங்க.

இந்தக் கவரைப் பாருங்க. போன சனிக்கிழமை வாசக்கதவுல இருக்கிற தபால் துவாரம் வழியா பொத்துன்னு விழுந்துச்சு. உள்ள ஒரு புதிர் விளையாட்டு. போர்டு கிடையாது, காய் கிடையாது, ஆப்பும் கிடையாது. வெறும் காகிதம். ரெண்டு கடிதம், ஒரு பழைய வரைபடம், ஹோட்டல் பில், நாலு போஸ்ட்கார்டு. ஒரு ஆள் காணாமப் போயிட்டாரு, எங்கன்னு கண்டுபிடிக்கணும். பேர் சொல்ல மாட்டேன். சொன்னா இனிமே விளையாடப் போறவங்க எனக்குச் சாபம் விடுவாங்க.

ஏன் இவ்ளோ தட்டையா இருக்குன்னு யோசிச்சேன். இங்க பிரிட்டன்ல 'லார்ஜ் லெட்டர்' கட்டணத்துல அனுப்பணும்னா நீளம் 353 மி.மீ., அகலம் 250 மி.மீ., தடிமன் 25 மி.மீ. தாண்டக் கூடாது, எடை 750 கிராமுக்குள்ள இருக்கணும். தாண்டிட்டா பார்சல், காசு ஏறிடும். அதுவுமில்லாம நாம வீட்ல இல்லன்னாலும் துவாரத்துல போட்டுட்டுப் போயிடலாம். ஆக, அந்த இடுக்குக்குள்ள என்ன நுழையுமோ அதுதான் விளையாட்டு!

புது யோசனைன்னு நினைச்சுடாதீங்க. 1936லயே டென்னிஸ் வீட்லின்னு ஒரு எழுத்தாளர் ஒரு கொலைக் கேஸை ஃபைல் மாதிரியே வெளியிட்டாரு. தந்தி, தலைமுடி, எரிஞ்ச தீக்குச்சி எல்லாம் உள்ளயே இருக்கும். விடை இருக்கிற கடைசிப் பகுதியை மட்டும் ஒட்டி மூடியிருப்பாங்க. அதைக் கிழிக்காம கைகட்டி உக்காந்திருந்தவங்க எத்தனை பேரோ!

சரி, என் கதைக்கு வர்றேன். டீ போட்டு, தரையில எல்லாத்தையும் பரப்பி உக்காந்தேன். முதல் ரெண்டு புதிர் அரை மணி நேரத்துல முடிஞ்சுது. ஹோட்டல் பில்லோட கூட்டுத்தொகை தப்பா இருந்துச்சு, அதான் துப்பு. மூணாவதுதான் ஆளைக் கொன்னுடுச்சு. சாதாரணக் காதல் கடிதம். மழை, பூனை, பக்கத்து வீட்டு அத்தைன்னு என்னமோ எழுதியிருக்கு. முதல் எழுத்தைக் கோத்துப் பாத்தேன், கடைசி எழுத்தைக் கோத்துப் பாத்தேன், வெளிச்சத்துல பிடிச்சேன், மடிச்சேன். ஒன்னும் வரல. ஒன்றரை மணி நேரம் போச்சு, டீயும் ஆறிப் போச்சு.

தோத்துப் போய் அவங்க வெப்சைட்ல குறிப்புப் பக்கத்தைத் திறந்தேன். முதல் குறிப்பு லேசா இருக்கும், ரெண்டாவது கொஞ்சம் கூட, மூணாவதுல விடையே வந்துடும். முதல் குறிப்பு என்ன தெரியுமா? "எங்களிடமிருந்து வந்த எல்லாமே கையில் இருக்கிறதா?"

பகீர்னு ஆயிடுச்சு. ஏன்னா அந்தக் கடிதம் ஒரு சின்ன ஜன்னல் கவருக்குள்ள வந்துச்சு. முகவரி தெரியறதுக்காக ஓட்டை இருக்குமே, பேங்க் லெட்டர் மாதிரி, அது. கவர்தானேன்னு கசக்கிக் குப்பையில போட்டுட்டேன். நைட்டியோட வெளிய போய் மறுசுழற்சித் தொட்டிக்குள்ள தலையை விட்டுத் தேடினேன். எதிர்வீட்டுத் தாத்தா நாயோட நின்னு பாத்துட்டே இருந்தாரு. பீட்சா டப்பாவுக்கு அடியில இருந்துச்சு, ஒரு பக்கம் எண்ணெய். அப்பதான் கவனிக்கிறேன், அந்தக் கவருக்கு ஒரு ஜன்னல் இல்ல, அஞ்சு ஜன்னல்! கடிதத்தை மறுபடி உள்ள சொருகினா ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒரு வார்த்தை. விடை அதேதான். 1550ல கார்டானோன்னு ஒரு இத்தாலிக்காரர் எழுதி வச்ச முறை இது, ஓட்டை போட்ட அட்டையைக் கடிதத்து மேல வச்சுப் படிக்கிறது.

இந்த மாதிரி விளையாட்டை ஒரு தடவைதான் ஆட முடியும்ங்கறது என்னோட பெரிய குறை. விடை தெரிஞ்சுட்டா அப்புறம் அது காகிதம்தான். அதனால எதையும் வெட்டறதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் எடுத்துடுவேன், அசலை ஃப்ரெண்டுக்குக் கொடுத்துடலாம்.

ஆனா இந்த வீடியோ அதுக்காக இல்ல. நானே தமிழ்ல ஒன்னு செஞ்சு அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பா திருச்சியில இருக்காரு, ரயில்வேல கார்டா இருந்து ரிட்டயர் ஆனவர். அதனால ஒரு பொய் ரயில் அட்டவணை. மணின்னா மெய்யெழுத்து: க் 1, ங் 2, அப்படியே ன் 18 வரைக்கும். நிமிஷம்னா உயிரெழுத்து: அ 1, ஔ 12. 12.03ன்னா ர் கூட இ, 'ரி'. நிமிஷம் 00ன்னா புள்ளி வச்ச எழுத்து. மணி 00ன்னா வெறும் உயிர். அப்போ 00.01, 12.03, 03.03 என்ன? அரிசி! பத்தொன்பது மணி, பதிமூணு நிமிஷம், பெருக்கிப் பாருங்க. 247. ஒரு எழுத்து கூட மிச்சமில்ல, நடுராத்திரி 00.00 ஆய்த எழுத்துக்குப் போயிடுச்சு. இது வந்த அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல மக்களே.

கவர் போய்ச் சேர்ந்த அன்னிக்கே வாட்ஸ்அப்ல கூப்பிட்டாரு. "ஏம்மா, எந்த ஊர்ல பன்னெண்டு நிமிஷத்துக்கு மேல ஒரு வண்டி கூட கிளம்பாது? சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வண்டியே இல்லையா?" அவ்ளோதான், பிடிச்சுட்டாரு. நான் கடிதத்துல அஞ்சு பொய்த் துப்பு வச்சிருந்தேன், ஒன்னைக் கூடத் திரும்பிப் பாக்கல. "நான் முப்பது வருஷம் இதைத்தானே பாத்தேன்"னு ஒரே சிரிப்பு. அம்மா பின்னாடி இருந்து அரிசி டப்பாவை உருட்டற சத்தம் கேட்டுச்சு. உள்ள புதையல் எதுவும் வைக்கல, அது தனி சண்டையா ஓடிச்சு.

இன்னிக்குக் காலையில அவரோட பதில் வந்திருக்கு. அவரே ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட அட்டவணை. இருங்க, உங்க முன்னாடியே பிரிக்கிறேன். முதல் வண்டி... 00.00. அப்பா, ஆய்தத்துல எந்தத் தமிழ்ச் சொல்லுப்பா ஆரம்பிக்கும்! அடுத்தது 09.08, ப் கூட ஏ, 'பே'. 18.09, 'னை'. அப்புறம் 00.01 'அ'. 06.09... 'ணை'.

ஃபேனை அணை.

அப்பா, இந்த வீட்ல ஃபேனே இல்லப்பா!